எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி? தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை சுகாதார நிலையம் முதல் மெடிக்கல் காலேஜ் வரை பக்கத்தில் எல்லாம் இருந்தும், "முதலில் எங்கே போவது?" என்ற குழப்பத்தில்தான் பலருக்கு நேரமும் பணமும் வீணாகின்றன. மருத்துவ முகாம்களிலும் ஓ.பி. வரிசைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டடம் பெரிதா, வீட்டுக்குப் பக்கமா என்பதைவிட, அந்த நோய்க்குத் தேவையான மருந்தோ கருவியோ டாக்டரோ அங்கே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்தே எழுதப்பட்டவை.

பி.ஹெச்.சி., ஜி.ஹெச்., மெடிக்கல் காலேஜ் எல்லாமே கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே? என்ன வித்தியாசம்?

மூன்றும் மூன்று தனித்தனி இயக்குநரகங்களின் கீழ் நடக்கின்றன. கிராமத்தில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே கிராம சுகாதார செவிலியர் இருப்பார். சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் (பி.ஹெச்.சி.), மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. இங்கே டாக்டர், நர்ஸ், ஆய்வகம், மருந்தகம் உண்டு. ஒன்றியத்துக்கு ஒன்று 30 படுக்கையுடன் தரம் உயர்த்தப்பட்டிருக்கும். இவை பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை.

ஜி.ஹெச். என்று நாம் சொல்லும் தாலுகா ஆஸ்பத்திரியும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. எலும்பு, குழந்தை, மகப்பேறு, பொது அறுவை ஆகியவற்றுக்குச் சிறப்பு டாக்டர்கள் இருப்பது இங்கிருந்துதான். மூளை, இதயம், சிறுநீரகம் போன்ற உயர் சிறப்புப் பிரிவுகளுக்கு மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள். நிர்வாகம் வேறு வேறு என்பதால் ஓர் இடத்துச் சிகிச்சை விவரம் இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். காகிதங்களை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இந்த விஷயம் கடைசிக் கேள்வியில் மறுபடியும் வரும்.

சாதாரண காய்ச்சல், சளி. இதுக்கு நேரா ஜி.ஹெச். போயிடலாமா?

வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அங்கேயே பார்ப்பார்கள், மருந்தும் இலவசம். நகரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையம் வசதி. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும்.

டெங்கு சந்தேகம் என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டியது என்.எஸ்.1 பரிசோதனை. அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். நாள் தெரியாமல் எடுத்தால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அடுத்தது, காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, அது விடும் நேரம்தான் ஆபத்துக் காலம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அட்மிஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று டாக்டரை வற்புறுத்துவது இந்த மருந்துகளில் ஒன்றை நாமே கேட்டு வாங்குவதில் முடியலாம்.

ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ போனா டாக்டர் இருப்பாரா?

ஓ.பி. என்பது பகல் நேர வேலை. பெரிய ஆஸ்பத்திரிகளில் முக்கியப் பிரிவுகளின் ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும். சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. பிரசவ வசதியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். ஆனால் டாக்டர் எப்போதும் அங்கேயே இருப்பார் என்று எண்ணிப் போகக் கூடாது. இரவு அவசரத்துக்குத் தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகளின் கேஷுவாலிட்டிதான் சரியான இடம். அவசரமா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் 104-ஐ அழைத்து அறிகுறியைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம்.

108 வர்றதுக்குள்ள ஆட்டோவுல போயிடலாமே?

காயம் சின்னது, நோயாளி உட்கார்ந்து பேசுகிறார் என்றால் ஆட்டோ சரி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, பெரிய விபத்து, பிரசவ வலி, விஷம், பாம்புக்கடி என்றால் 108தான். அதில் பயிற்சி பெற்ற அவசரகால மருத்துவ உதவியாளரும் ஆக்சிஜனும் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கு வசதி என்பது அவர்களுக்குத் தெரியும், போகும் வழியிலேயே அங்கே தகவல் சொல்லவும் முடியும். கட்டணம் கிடையாது.

அழைக்கும்போது நான்கு விஷயங்கள் சொன்னால் போதும்: ஊரும் அடையாளமும் (கோயில், பள்ளி, டாஸ்மாக், எதுவானாலும்), நோயாளியின் வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா. சொல்லிவிட்டு போனை வைக்காதீர்கள், வண்டி வரும்வரை என்ன செய்வது என்று அவர்களே சொல்வார்கள். ஒருவர் தெருமுனையில் போய் நின்றால், வீட்டைத் தேடி வீணாகும் நேரம் மிச்சமாகும்.

நெஞ்சுவலி. பக்கத்துல பி.ஹெச்.சி., 40 கிலோமீட்டர்ல மெடிக்கல் காலேஜ். எங்க போறது?

108-ஐ அழைத்துவிட்டு, அது வரத் தாமதமாகும் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே 14 மாத்திரை கொண்ட முதல் தவணை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. ரத்தக்கட்டி மேலும் வளராமல் இவை தடுக்கும். மாத்திரை கொடுத்ததும் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. அடைப்பைத் திறக்க, கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும், அல்லது கேத் லேபில் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் செலுத்தி அடைப்பை விரிப்பது) செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்தில் செய்தால்தான் இதயத் தசை பிழைக்கும். "வாயுக்கோளாறாக இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் அதிகம் பேர் அந்த நேரத்தைத் தொலைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சிரைப்பு, தாடை வலி, குமட்டல் என்று மட்டும்கூட மாரடைப்பு வரும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாய் கோணிப்போச்சு, ஒரு கை தூக்க முடியல. இதுக்கும் பி.ஹெச்.சி.தானே முதல்ல?

இல்லை. இங்கே கணக்கு மாறுகிறது. பக்கவாதம் ரத்தக்குழாய் அடைப்பாலா, மூளைக்குள் ரத்தம் கசிந்ததாலா என்பதை சி.டி. ஸ்கேன் இல்லாமல் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி, கசிவு என்றால் அதே ஊசி உயிரைப் பறிக்கும். ஆகவே ஸ்கேன் இல்லாத எந்த இடத்திலும் நிற்காமல், சி.டி. வசதியும் ஊசி போடும் வசதியும் உள்ள மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ நேராகப் போக வேண்டும்.

ஊசிக்கான நேரம் நான்கரை மணி. அது நாம் கண்ட நேரத்திலிருந்து அல்ல, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும் தவறு.

நாய் லேசாத்தான் கீறுச்சு, ரத்தம்கூட வரல. ஊசி வேணுமா?

வேண்டும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. முதலில் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பாதி வைரஸ் அங்கேயே போய்விடும் என்று நினைத்துக் கழுவுங்கள், அவ்வளவு முக்கியமான வேலை அது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது.

தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கைகளிலும் போடுவார்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ரத்தம் வந்த கடி, முகம், கழுத்து, விரல்களில் பட்ட கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். அதற்கு ஜி.ஹெச். அல்லது மெடிக்கல் காலேஜ் போக வேண்டியிருக்கலாம், போனதும் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசி தன் வேலையைத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் காப்பது இதுதான். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இதே சிகிச்சைதான், தள்ளிப்போடக் காரணமே இல்லை. ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

பாம்பு கடிச்சா எங்க கொண்டுபோறது? பாம்பையும் எடுத்துட்டுப் போகணுமா?

பாம்பைத் தேட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இந்தியாவில் போடப்படும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் டாக்டர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்றும் அறிகுறிகள் என்ன என்றும் பார்த்தே முடிவெடுக்க முடியும். கடித்த கையை, காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றுமே கெடுதல். ஏற்கெனவே இறுக்கக் கட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னிலையில் அவிழ்ப்பதே நல்லது.

விஷமுறிவு மருந்து உள்ள மிக அருகிலுள்ள இடத்தில் முதல் டோஸ், பிறகு வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு மாற்றம் என்பதே வரிசை. 108-இல் சொன்னால் மருந்து எங்கே என்று கேட்டுக்கொண்டு போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி வந்து இமைகள் தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகிக்க வேண்டும். இதை அஜீரணம் என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பதால் போன உயிர்கள் நிறைய.

பிரசவத்தைத் தனியார்ல பாக்கப்போறோம். அப்பவும் நர்ஸ்கிட்ட பதியணுமா?

பதிய வேண்டும். கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிந்து வாங்கும் ஆர்.சி.ஹெச். எண் (தாய்சேய் நலப் பதிவு எண்) இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரிடும். கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிவது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் தேவை. தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும், தவணைகளாக.

பிரசவ இடத்தைப் பொறுத்தவரை, சிக்கலில்லாத சுகப்பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் நல்ல இடம். முன்பு சிசேரியன் ஆனவர், ரத்த அழுத்தம் கூடியவர், கடும் ரத்தசோகை உள்ளவர், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கருப்பையில் கீழே இருப்பவர் எல்லாம் சீமாங்க் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தைச் சிகிச்சை மையம்) உள்ள ஆஸ்பத்திரியை முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். அங்கே 24 மணி நேரமும் அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும். பேறுகாலத்துக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டில் விட 102 வண்டி இலவசம்.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் வரிசையில நிக்க முடியல. என்ன வழி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, நடமாட முடியாதவர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. மாத்திரை, இயன்முறைச் சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு எல்லாம் வீட்டுக்கே வரும்.

ஒரு எச்சரிக்கை: மாத்திரை வீட்டுக்கு வருவதால் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் பார்த்தே ஆக வேண்டும். வெளியில் வாங்குகிறவர்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் அதே மருந்தைப் பொதுப்பெயரில் குறைந்த விலைக்கு வாங்கலாம். மருந்துச்சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை யாருக்குக் கிடைக்கும்? எல்லா வியாதிக்கும் செல்லுமா?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தினர் போனால் பதிந்து தருவார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

எல்லாவற்றுக்கும் செல்லாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும். அதே ஆஸ்பத்திரி இதயத்துக்கு அங்கீகாரம் பெற்று, எலும்புக்குப் பெறாமல் இருக்கலாம். போகும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டால் பயப்பட வேண்டாம். சிகிச்சை எப்படியும் இலவசம்தான், அந்தத் தொகை ஆஸ்பத்திரியின் கணக்குக்கு வரவே கேட்கிறார்கள்.

அட்டை இருக்கு, ஆனா தனியார் ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டச் சொல்றாங்க. கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாமா?

கட்டாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். நாம் செலவழித்துவிட்டுப் பின்னால் பில்லைக் காட்டிப் பணம் வாங்கும் வழி இதில் இல்லை என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். அங்குள்ள காப்பீட்டு உதவியாளரிடம் முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அனுமதி வருமுன் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டால் சிக்கல். அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்க ஆஸ்பத்திரிக்கு வழி உண்டு. மறுத்தால் முந்தைய பதிலில் உள்ள எண்ணில் அங்கிருந்தபடியே புகார் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொல்வதைவிட, நோயாளி உள்ளே இருக்கும்போது சொல்வதற்குத்தான் பலன்.

ரோட்டுல அடிபட்டுக் கிடக்கறவரைத் தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தா போலீஸ் கேஸ்னு நம்மள இழுப்பாங்களா?

இழுக்க முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லவோ சாட்சியாக வரவோ கட்டாயமில்லை. எஃப்.ஐ.ஆர். வந்தால்தான் சிகிச்சை என்று சொல்வதும் தவறு. முதலில் உயிர், பிறகு சட்ட நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். 2021 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கியது. காப்பீட்டு அட்டையோ வருமானமோ எந்த ஊர்க்காரர் என்பதோ தடையில்லை. குடும்பத்தினர் வந்ததும் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) பதிவாகிவிட்டதா என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு அதுதான் முதல் ஆதாரம்.

மனசு சரியில்லாததுக்கு கீழ்ப்பாக்கம்தான் போகணுமா?

இல்லை. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் கடைசிக்கட்ட இடம் என்ற எண்ணமே பலரை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது. ஒவ்வொரு மெடிக்கல் காலேஜிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார், எந்தக் கிழமை என்று ஜி.ஹெச்.சில் கேளுங்கள். இரவோ பகலோ, 14416 என்ற மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவரைத் தனியே விடாமல், கேஷுவாலிட்டிக்கே அழைத்துப் போங்கள். அதுவும் மாரடைப்புப் போல அவசரம்தான்.

தெருவுல இருக்கற டாக்டர் நிஜ டாக்டரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மருந்துச்சீட்டில் பெயருக்குக் கீழே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் படிப்பும் வரும். கிளினிக்கின் சுவரில் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் அதற்கான கவுன்சில் பதிவும் பாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவும் இருக்கும்போது, பட்டமில்லாதவரிடம் லேகியம் வாங்க வேண்டியதில்லை. சந்தேகமானால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க. அங்க போய் முதல்லருந்து எல்லா டெஸ்ட்டும் எடுக்கணுமா?

காகிதம் சரியாக இருந்தால் பல டெஸ்ட்டுகள் மிச்சமாகும். கிளம்பும் முன் பரிந்துரைச் சீட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: என்ன நோய் என்று சந்தேகிக்கிறார்கள், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், எதற்காக அனுப்புகிறார்கள். "மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் இருந்தால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே படம், ஸ்கேன் படம் ஆகியவற்றை அறிக்கையோடு வாங்குங்கள், அறிக்கை மட்டும் போதாது. போனில் எடுத்த போட்டோ கூடுதல் பாதுகாப்புக்குத்தான், அசலுக்கு மாற்று இல்லை.

அவசர நோயாளிக்கு, அனுப்பும் டாக்டரே அங்கே போன் செய்து படுக்கை, வென்டிலேட்டர், ரத்தம் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. அவர் கேட்டாரா என்று நீங்கள் கேட்கலாம், அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் ஓ.பி. வரிசையில் நிற்காமல் கேஷுவாலிட்டி டாக்டரிடம் சீட்டை நேராகக் காட்டுங்கள். அவசரமில்லாத ரெஃபரல் என்றால், அந்தச் சிறப்புப் பிரிவின் ஓ.பி. எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நடக்கும் பிரிவுகள் உண்டு, தவறான நாளில் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்.